ரத்தம் குடித்தவன் கையில் கறை எங்கே? ‘மோர்பியஸ்’ பற்றி வாசகர் கேள்விகள்

2022-ஆம் ஆண்டு வெளியான ‘மோர்பியஸ்’ என்ற ஹாலிவுட் திரைப்படத்தை, படக்கதைப் படங்களின் வரிசையில் வீணாகிப்போன ஒரு நல்ல வாய்ப்பு என்று சென்ற இதழில் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரிக்கு விளக்கம் கேட்டும் அதை மறுத்தும் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்கள் போதவில்லை என்பதால், இம்முறை வேறு எந்தப் படத்தைப் பற்றிய கேள்வியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ரத்தக் காட்டேரியாக மாறும் மருத்துவர் என்ற கதையைக் கேட்டதுமே ஆவலோடு உட்கார்ந்தேன். படம் முடிந்தபோது மனத்தில் எதுவுமே தங்கவில்லை. நடிகர்களுக்கும் பணத்துக்கும் குறைவில்லாத இந்தப் படத்தில் குறை எங்கேதான் இருக்கிறது?
(ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: என் பார்வையில் குறை ஒன்றுதான், ஆனால் அது கதையின் கடைக்காலிலேயே விழுந்த விரிசல். தன் நாயகன் ரத்தம் குடிப்பவன் என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்த படம், அவன் குடித்த ரத்தத்துக்கு அவனைப் பொறுப்பாளியாக்க ஓரிடத்திலும் துணியவில்லை.

படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே அரியதொரு ரத்த நோய் கொண்ட மைக்கேல் மோர்பியஸ் என்ற சிறுவன், கிரேக்க நாட்டு மருத்துவ இல்லம் ஒன்றில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறான். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வரும் சிறுவனின் பெயர் லூசியன். ஆனால் மைக்கேல் அவனை மைலோ என்றுதான் அழைக்கிறான், ஏனென்றால் அந்தக் கட்டிலுக்கு வருகிறவர்கள் எல்லாருமே அவனுக்கு மைலோதான், அவர்களில் யாரும் நிலைப்பதில்லை. புதிய மைலோவின் சிகிச்சைக் கருவி பழுதாகி அவன் மூச்சுத் திணறும்போது, எழுதுகோலுக்குள் இருக்கும் சுருள்கம்பியை எடுத்து அதைச் சரிசெய்கிறான் மைக்கேல். மரணத்தோடு பழகிப்போன ஒரு குழந்தையின் மனத்தை இத்தனை சிக்கனமாகக் காட்டத் தெரிந்தவர்கள், அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு அதைக் கைவிட்டது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

வளர்ந்த மோர்பியஸ் ரத்தம் குடிக்கும் வௌவால்களின் மரபணுவைத் தன்னுடையதோடு கலந்து மருந்து தயாரிக்கிறான், சட்டத்தின் கைக்கு எட்டாத கடற்பரப்பில், ஒரு சரக்குக் கப்பலில் அதைத் தன் உடம்பில் செலுத்திக்கொள்கிறான், காட்டேரியாகிறான், கப்பலில் இருந்த காவலர்களைக் கொல்கிறான். அந்தக் காவலர்கள் யார்? துப்பாக்கி ஏந்திய கூலிப்படையினர், முரடர்கள், கதாநாயகியை அடித்து வீழ்த்துகிறவர்கள். அவர்கள் செத்தால் பார்ப்பவர் மனம் பதறாது என்று தெரிந்தே அப்படி வரைந்திருக்கிறார்கள். அதன் பிறகு அவன் பசிக்கு அவனே கண்டுபிடித்த செயற்கை ரத்தம் கைகொடுக்கிறது. மருத்துவமனையில் ஒரு செவிலியர் ரத்தம் உறிஞ்சப்பட்டுக் கிடக்கும்போது, ‘இதுவும் இவன் செயல்தானோ’ என்று நாம் நடுங்கத் தொடங்குமுன்பே, அதே மருந்தைச் செலுத்திக்கொண்ட மைலோதான் கொலைகாரன் என்று படம் சொல்லிவிடுகிறது. இறுதியில் காதலி மார்ட்டினின் ரத்தத்தை மோர்பியஸ் குடிக்கிறான். அதற்குமுன் அவளை மைலோ குற்றுயிராக்கிவிட்டான், அவளும் மனமுவந்து தருகிறாள். ஒவ்வொரு முறையும் பாவம் நாயகன் அருகே வரும்போது படம் அதை வேறொருவர் தலையில் இறக்கிவைக்கிறது. கறை படியாதவனுக்கு எதற்குக் குற்ற உணர்ச்சி, எதற்குப் போராட்டம்? அதனால்தான் உங்கள் மனத்தில் எதுவும் தங்கவில்லை.

கேள்வி: மூலப் படக்கதையிலும் இப்படித்தானா? அல்லது திரைக்கு வந்தபோது மாற்றிவிட்டார்களா?
(ஒரு பழைய படக்கதைச் சேகரிப்பாளர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: மாற்றிவிட்டார்கள். மாற்றியது எதை என்று பார்த்தால் முந்தைய பதிலுக்கு அதுவே சான்றாக நிற்கும்.

அமெரிக்காவில் 1954-இல் படக்கதைப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒழுங்குவிதி, காட்டேரிகளையும் நடைபிணங்களையும் ஓநாய் மனிதர்களையும் பக்கங்களிலிருந்தே விலக்கி வைத்தது. 1971-இல் அந்த விதி தளர்த்தப்பட்டு, டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் போன்ற பழைய இலக்கிய மரபை ஒட்டி எழுதினால் காட்டேரிகள் வரலாம் என்றானது. அந்தக் கதவு திறந்த அதே ஆண்டில், அக்டோபர் 1971 தேதியிட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 101-ஆவது இதழில் மோர்பியஸ் முதன்முதலாகத் தோன்றினான். கதை ராய் தாமஸ், ஓவியம் கில் கேன். ஸ்டான் லீயின் கையிலிருந்து எழுத்துப் பொறுப்பு ராய் தாமஸிடம் வந்த இதழும் அதுவே. கல்லறையிலிருந்து எழுந்து வருகிறவனாக அவனைப் படைக்காமல், ஆய்வுக்கூடத்தில் உருவானவனாக, உயிரோடிருக்கும் காட்டேரியாகப் படைத்தது அவர்களுடைய புதுமை.

அடுத்த இதழில் அவனுடைய முன்கதை வருகிறது. எமில் நிக்கோஸ் என்பவன் அவனுடைய ஆராய்ச்சித் துணைவன், உயிர் நண்பன். நடுக்கடலில் சோதனை நடக்கிறது. மருந்தும் மின்சாரமும் சேர்ந்து மோர்பியஸை மாற்றுகின்றன. மாறிய கணத்திலேயே அவன் கொல்வது தன்னைக் காப்பாற்ற முயன்ற எமில் நிக்கோஸைத்தான். அடுத்து மார்ட்டினையும் கொன்றுவிடுவோம் என்று அஞ்சிக் கடலில் குதிக்கிறான். அந்த ஒரு கொலைதான் அந்தப் பாத்திரத்தின் உயிர். அதற்குப் பிறகு அவன் எத்தனை நல்லது செய்தாலும் வாசகருக்கு நிக்கோஸின் முகம் மறக்காது.

திரைக்கதை எழுதிய மேட் சசாமாவும் பர்க் ஷார்ப்லெஸும் செய்திருப்பதைக் கவனியுங்கள். எமில் நிக்கோஸ் என்ற பெயரைச் சிறிது மாற்றி, சிறுவர்கள் இருவரையும் வளர்த்த முதிய மருத்துவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நண்பன் என்ற இடத்தை மைலோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அந்த நண்பனையே கொலைகாரனாக்கி, அவன் கையாலேயே அந்த முதிய மருத்துவரைச் சாகடித்துவிட்டார்கள். கொல்லப்பட்ட நண்பனைக் கொலைகாரனாக்கி, கொன்றவனைக் காப்பாளனாக்கியது ஒரு சிறு திருத்தமாகத் தோன்றலாம். அதோடு பாத்திரமே வேறாகிவிட்டது. உங்களிடம் அந்தப் பழைய இதழ்களின் படிகள் இருந்தால் 101, 102 இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய இதழ்களில் இருக்கும் கனம் நூறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் இந்தப் படத்தில் இல்லை.

கேள்வி: கெட்டவனை நாயகனாக்கும் இந்த வழக்கமே தவறு என்பது என் எண்ணம். பிள்ளைகள் பார்க்கும் படத்தில் நாயகன் ரத்தக் கறையோடு இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரிதானா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பண்ருட்டி)

பதில்: ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலேயே இதற்கான பதில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கள் கழிந்து, கடைசியில் படுகளத்தன்று துரியோதனனின் பெரிய மண் உருவம் தரையில் கிடத்தப்படுகிறது. பீமன் அவன் தொடையைப் பிளக்கிறான். அந்த ரத்தத்தைத் தொட்டுத் திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிக்கிறாள். துரியோதனன் செய்தது அநீதி என்பதில் அங்கே கூடியிருக்கும் யாருக்கும் ஐயம் இல்லை, குழந்தைகளுக்கும் இல்லை. ஆனாலும் அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைக்கும்போது அதே கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. கூத்துக்காரர் துரியோதனனை நல்லவனாக்கிக் காட்டி நம்மிடம் கண்ணீர் வாங்குவதில்லை. சபையில் அவன் செய்ததை ஓர் இரவு முழுவதும் நம் கண்முன் நடத்திக் காட்டிவிட்டு, அதை ஓர் எழுத்தும் குறைக்காமல் அவன் மேலேயே வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் அவன் மனிதன்தான் என்று உணரவைக்கிறார். கர்ண மோட்சத்தில் மனைவி பொன்னுருவியின் முன் விடைபெற நிற்கும் கர்ணனும் அப்படித்தான். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். விடிய விடிய அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கெட்டுப்போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

படக்கதையிலும் நமக்கு இது புதிது இல்லை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் மூலக் கதையில், ஆய்வுக்கூட விபத்தில் மின்சாரம் பாய்ந்து உருவம் மறையும் ஆற்றல் பெறும் லூயிஸ் கிராண்டல் முதலில் குற்றவாளியாகத்தான் அலைகிறான்; நன்மையின் பக்கம் வருவது பிறகுதான். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் (இவன் ஸ்பைடர்மேன் இல்லை, வேறொருவன்) குற்ற உலகின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன்தான். மாயாவியின் அந்த இரும்புக் கை வேறு யாருடைய கழுத்தையும் நெரிக்காமல் நெடுகிலும் நல்லதையே செய்திருந்தால், இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவனைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்போமா?

எனவே நாயகனை ரத்தக் கறையோடு காட்டு என்று நான் கேட்பது, கறையைக் கொண்டாடச் சொல்வது ஆகாது. கறை எவனுடையதோ அவனிடமே அது இருக்கட்டும் என்கிறேன். பிள்ளைகளுக்கு ஆபத்தானது எது என்று கேட்டால், கொலைகள் நடக்கும் கதையில் நாயகனுக்கு மட்டும் ஒன்றுமே ஒட்டாமல் போவதுதான் என்று சொல்வேன்.

கேள்வி: பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் பார்க்கும்படி சான்றிதழ் வாங்க நினைத்ததால்தான் ரத்தமே இல்லாத காட்டேரிப் படமாகிவிட்டது என்கிறார்கள் என் நண்பர்கள். உண்மையா?
(ஒரு கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: பாதி உண்மை. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது பிஜி-13 சான்றிதழ். அதற்குள் நிற்க வேண்டுமானால் ரத்தம் தெறிப்பதை அதிகம் காட்ட முடியாது. பெரியவர்களுக்கான ஆர் சான்றிதழோடு 1998-இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்து வந்த ‘பிளேட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, அதில் கூரைக் குழாய்களிலிருந்து ரத்தம் மழையாகக் கொட்டும் தொடக்கக் காட்சி மறந்திருக்காது.

ஆனால் ‘பிளேட்’ படத்தின் வலிமை அந்த மழையில் இல்லை. பாதி மனிதனும் பாதிக் காட்டேரியுமான அந்த நாயகன் தன் தாகத்தை ஊசி மருந்தால் அடக்கி அடக்கியே வாழ்கிறான். இறுதிப் போருக்கு முன் உடம்பில் தெம்பில்லாமல் விழுந்து கிடக்கும்போது, கூட வந்த மருத்துவர் கரென் தன் கழுத்தைக் கொடுக்கிறாள். அவள் சாகக்கிடப்பவள் அல்லள். நல்ல உயிரோடு இருப்பவள். குடிக்கத் தொடங்கியவன் நிறுத்துவானா என்பது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மார்ட்டின் காட்சியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். எது சான்றிதழ் தடுத்தது, எது எழுதியவர்களின் தயக்கம் என்பது விளங்கிவிடும்.

இன்னும் பின்னால் போனால், 1922-இல் ஜெர்மன் இயக்குநர் எப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த ‘நோஸ்பெராட்டு’ என்ற மௌனப் படம் இருக்கிறது. ரத்தம் என்று அதில் காட்டப்படுவது மிகக் குறைவு. மாடிப்படிச் சுவரில் ஏறிப்போகும் கூனல் நிழல் ஒன்றே நூறு ஆண்டுகளாக மக்களை அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது. ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்து, பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் பிழைத்துவந்த படம் அது. ‘மோர்பியஸ்’ படத்தின் சரக்குக் கப்பலுக்கு முர்னாவ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வணக்கம் செலுத்தியது நல்ல காரியம்தான். அந்த ஆசானிடமிருந்து நிழலைப் பயன்படுத்தும் பாடத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். இறுதிச் சண்டையில் இருட்டும் புகைக் கோடுகளும் மெதுவாக்கப்பட்ட அசைவுகளும் சேர்ந்து, யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகிறது.

கேள்வி: நடிப்பில் யாரும் தேறவில்லையா?
(ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்)

பதில்: மைலோவாக வரும் மேட் ஸ்மித் தேறுகிறார். வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலைப் பிடித்து நடந்தவன், குணமான உடம்போடு சட்டை மாற்றிக்கொண்டே கண்ணாடி முன் ஆடும் காட்சியில், நடக்க முடிவதே ஒரு களிப்பு என்பதை அவர் உடம்பால் சொல்கிறார். மோர்பியஸாக வரும் ஜாரெட் லெட்டோ ஆஸ்கர் விருது பெற்ற நடிகர். நோயுற்ற உடம்பின் நடையிலும் மூச்சிலும் அவருடைய உழைப்பு தெரிகிறது. நோய் போன பிறகு அவருக்கு நடிக்க எதுவும் தரப்படவில்லை. அந்த ஆண்டின் மோசமான நடிப்புக்கான ராஸி விருதை அவருக்குக் கொடுத்தார்கள். அது எழுத்துக்குப் போயிருக்க வேண்டிய விருது என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் விலங்கியல் படிக்கிறேன். படத்தில் காட்டப்படும் வௌவால்கள் உண்மையிலேயே அப்படிப்பட்டவையா? எங்கள் வீட்டில் படத்தைப் பார்த்தபின் தோப்பு மரத்து வௌவால்களைக் கண்டாலே தங்கை பயப்படுகிறாள்.
(ஒரு மாணவி, நெல்லிக்குப்பம்)

பதில்: முதலில் உங்கள் தங்கைக்கு: ரத்தம் குடிக்கும் வௌவால் இனங்கள் உலகத்தில் மூன்றே மூன்று, மூன்றும் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரையில்தான் வாழ்கின்றன. உங்கள் தோப்பில் தலைகீழாகத் தொங்குபவை பழந்தின்னிகள். பழமும் பூந்தேனும் அவற்றின் உணவு. இலுப்பைப் பூவில் மகரந்தம் பரப்புவதும் விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதும் அவற்றின் தொண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். படத்தில் மோர்பியஸ் கோஸ்டாரிகாவின் குகை வாயிலில் தன் உள்ளங்கையைக் கீறிக்கொள்ள, ஆயிரக்கணக்கான வௌவால்கள் ரத்த வாடைக்குப் பாய்ந்து வருகின்றன. உண்மையில் அவை அப்படிப் படையெடுப்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிறு பிராணி, உறங்கும் மாட்டின் அருகே தரையில் ஊர்ந்து வந்து, கூரிய முன்பற்களால் மாட்டுக்கே தெரியாமல் தோலைச் சிறிதாகச் சீவி, கசியும் ரத்தத்தை நக்கிக் குடித்துவிட்டுப் போகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருக்கிறது என்று படம் சொல்வது மட்டும் சரி. அப்படிப்பட்ட உமிழ்நீர்ப் புரதம் ஒன்றிலிருந்து செய்த மருந்தைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பிராணியைப் பற்றிய மிக அழகான உண்மையைப் படம் தொடவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். இந்த வௌவால்கள் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ரத்தம் கிடைக்காவிட்டால் பட்டினியால் இறந்துவிடும். அப்படி வெறும் வயிற்றோடு திரும்பிய ஒன்றுக்கு, வயிறு நிறைந்து வந்த இன்னொன்று தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. தாய் பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவதில்லை. நெடுநாள் ஒரே பொந்தில் சேர்ந்து வாழ்ந்த, உறவல்லாத வௌவால்களும் ஒன்றுக்கொன்று இதைச் செய்கின்றன. ஜெரால்ட் வில்கின்சன் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்து 1984-இல் வெளியிட்டார். அவர் ஆய்வு செய்த இடமும் கோஸ்டாரிகாதான்!

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த இரு சிறுவர்கள். இருவருக்கும் ஒரே நோய். ஒருவனுக்கு மருந்து கிடைக்கிறது. அதை மற்றவனுக்குத் தருவதா மறுப்பதா என்ற கேள்வி. படத்தில் மைலோ கெஞ்சுகிறான், இது சாபம் என்று சொல்லி மோர்பியஸ் மறுக்கிறான், மைலோ திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்கிறான். வௌவால்களின் மரபணுவை இரவல் வாங்கிய கதை, அவற்றின் பகிர்ந்துண்ணும் குணத்தையும் வாங்கியிருந்தால், இந்த இருவருக்கும் நடுவில் எத்தனை கூர்மையான நாடகம் எழுந்திருக்கும்! பசித்த நண்பனுக்குத் தன் வாயிலிருக்கும் ரத்தத்தைக் கொடுப்பதா, அது யாருடைய ரத்தம் என்று கேட்பதா என்ற சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். படத்தின் சரியான மையம் அங்கேதான் இருந்தது. அதை விட்டுவிட்டு, அந்த நட்பை இரண்டு அசுரர்கள் கட்டடங்களுக்கு நடுவே பறந்து மோதும் வழக்கமான சண்டையாக முடித்துவிட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்குத் தலசீமியா. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். படத்தில் வரும் செயற்கை ரத்தம் எப்போது கிடைக்கும் என்று அவன் கேட்கிறான். அவனுக்கு இந்தப் படத்தைக் காட்டியது தவறோ என்று தோன்றுகிறது.
(ஒரு தாய், வில்லியனூர்)

பதில்: அம்மா, காட்டியதில் தவறு எதுவும் இல்லை. அவன் வாழ்க்கையைப் போன்ற ஒன்றைத் திரையில் கண்டு அவன் கேள்வி கேட்டிருக்கிறான். அது நல்ல கேள்வி.

செயற்கை ரத்தத்துக்கான முயற்சி உலகில் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் புளூவோசால் என்ற கலவைக்கு 1989-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது; பயன்படுத்துவதில் இருந்த சிக்கல்களால் 1994-இல் அது நின்றுபோனது. ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன. படத்தில் வரும் நீல நிறத் திரவத்தைப் போல எல்லாருக்கும் ஏற்றக்கூடியது இன்னும் வரவில்லை. இன்றுவரை உங்கள் மகனுக்குக் கிடைக்கும் ரத்தம் யாரோ ஒரு மனிதர் கையை நீட்டிக் கொடுத்ததுதான். நடிகர்களின் பிறந்தநாளில் ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள் ரத்ததான முகாம் நடத்துவது நம் ஊர்களில் வழக்கம். திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் நான் கண்ட மிக உயர்ந்த உறவு அதுதான் என்று அவனிடம் சொல்லுங்கள். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை போன்றவற்றைப் பற்றி அவனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

படத்தின் மேல் எனக்குள்ள கோபம் வேறு. சிறுவயதில் மைக்கேலும் மைலோவும் தங்களை ஸ்பார்ட்டா வீரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள், பலரை எதிர்த்து நிற்கும் சிலர் என்ற பொருளில். நோயோடு வாழ்வதிலேயே வீரம் உண்டு என்று சொல்லத் தொடங்கிய படம், மருந்து ஏறியதும் கட்டுமஸ்தான உடம்பைக் காட்டி, அதுதான் வீரம் என்று மாற்றிவிடுகிறது. ஊன்றுகோலோடு இருந்த மோர்பியஸ்தான் அந்தப் படத்தின் வீரன். உங்கள் மகனும் அதைக் கண்டிருப்பான்.

கேள்வி: படம் நட்டமா? முடிவில் திடீரென்று கழுகு வேடத்தில் ஒருவர் வருகிறாரே, அவர் யார், எதற்கு வருகிறார்?
(ஒரு வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: சுமார் 7.5 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட படம் உலகெங்கும் ஏறத்தாழ 16.7 கோடி டாலர் வசூலித்தது. திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இரண்டாவது வார இறுதியில் வசூல் ஏறக்குறைய 74 விழுக்காடு சரிந்தது. இணையத்தில் இந்தப் படத்தைக் கிண்டல் செய்யும் மீம்கள் பெருகியதைக் கண்டு, 2022 ஜூன் மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் அரங்குகளில் மீண்டும் வெளியிட்டார்கள்; அந்த வார இறுதியில் கிடைத்தது மூன்று லட்சம் டாலர் அளவுதான். கேலி செய்தவர்கள் யாரும் நுழைவுச்சீட்டு வாங்க வரவில்லை.

அந்தக் கழுகு மனிதர், மைக்கேல் கீட்டன் நடித்த ஏட்ரியன் டூம்ஸ். வேறொரு ஸ்பைடர்மேன் படத்தின் வில்லன். அந்த உலகத்திலிருந்து இந்த உலகத்துக்குத் தூக்கியெறியப்பட்டு வந்து, நாம் சேர்ந்து ஏதாவது நல்லது செய்யலாம் என்று மோர்பியஸை அழைக்கிறார். மோர்பியஸ் ஏன் இணங்க வேண்டும் என்பதற்குப் படத்தில் ஒரு காரணமும் இல்லை. 2020 ஜனவரியில் வந்த முதல் முன்னோட்டத்தில் டூம்ஸ் வேறு இடத்தில் வேறு விதமாக வந்தார். சுவரில் ஸ்பைடர்மேன் ஓவியமும் இருந்தது. பெருந்தொற்றினால் பலமுறை தள்ளிப்போய், 2022 ஏப்ரல் முதல் தேதி படம் வந்தபோது அவை இல்லை. அடுத்தடுத்த படங்களுக்கு வாசல் திறந்துவைக்கும் அவசரத்தில் இந்த வீட்டுக்குள் யாரும் குடியிருக்கவில்லை என்பதைத் தயாரித்த சோனி நிறுவனம் கவனிக்கவில்லை.

கேள்வி: ஒரே ஒரு காட்சியை மாற்ற உங்களுக்கு அனுமதி கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்?
(ஒரு குறும்பட இயக்குநர், கடலூர் முதுநகர்)

பதில்: செவிலியர் சாகும் காட்சியை. மருத்துவமனையின் நீண்ட நடைபாதை. ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் விளக்குகள். அந்தப் பெண் நடக்க நடக்க, பின்னால் ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வருகிறது. இயக்குநர் டேனியல் எஸ்பினோசா அச்சத்தை எப்படிக் கட்டுவது என்று அறிந்தவர் என்பதற்கு அந்த ஓர் இடமே போதும். குறும்படம் எடுக்கும் நீங்கள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படிக்கலாம்.

அதில் ஒளியையோ நடிகையையோ காமிரா நின்ற இடத்தையோ நான் மாற்ற மாட்டேன். கொன்றவனை மட்டும் மாற்றுவேன். செயற்கை ரத்தம் பயன் தரும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்று மோர்பியஸ் முன்பே கணக்கெடுத்துப் பதிவு செய்திருக்கிறான். அந்தக் கணக்கு ஓர் இரவு தப்பி, அவன் கையால், அவனோடு அதே மருத்துவமனையில் வேலை பார்த்த, துப்பாக்கியில்லாத, யாரையும் அடிக்காத ஒரு பெண் இறந்திருக்க வேண்டும். பிறகு காவல்துறை அவனைப் பிடிக்கும்போது அது பொய்க் குற்றச்சாட்டாக இருக்காது. மைலோ சிறைக்கு வந்து, ‘நாம் இருவரும் ஒன்றுதான்’ என்று சொல்லும்போது மறுக்க அவனுக்கு வாய் வராது. மார்ட்டின் அவனுக்கு உதவ வரும்போது, செத்துப்போன அந்தச் செவிலியரின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவள் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

அடுத்த இதழுக்கான கேள்விகளை வழக்கம்போல அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம்.